அடாவடிக்கு இன்னும் கொஞ்சம் உயரம் வேண்டும்

டயர் என்பது வண்டிக்கு அடியில் இருக்க வேண்டிய பொருள். எங்கள் தையல்கடை வாசலில் அது என் மார்பு உயரத்துக்கு நின்றது. பக்கத்துக் கடைக்காரர் பழைய டயர் வாங்கி விற்பவர். அவர் கடையில் இடம் இல்லாமல் இல்லை. சாய்வு நாற்காலி, தொலைக்காட்சிப் பெட்டி, மத்தியானம் படுக்க ஒரு கட்டில் என்று எல்லாவற்றுக்கும் அங்கே தாராளமாக இடம் இருந்தது. டயருக்குத்தான் போதவில்லை. ஆகையால் எங்கள் வாசலில் அடுக்கினார்.

முதலில் போய்க் கேட்டபோது, "அண்ணே, ரெண்டு நாள் பொறுத்துக்கோங்க. லாரி வந்துரும்" என்றார். லாரி வந்தது. இன்னும் கொஞ்சம் டயரை இறக்கிவிட்டுப் போனது. மறுபடி போனேன். கட்டிலைவிட்டு எழுந்திருக்காமலே, "ஏறித் தாண்டிப் போங்கண்ணே, காலுக்கு நல்லது" என்றார். அடுத்த தடவை தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "உங்களால ஆனதைப் பாத்துக்கோங்க" என்றார். அதில் அண்ணே இல்லை.

பள்ளிக்கூடம் திறக்கப்போகிற நேரம் அது. தையல்காரனுக்கு வருஷம் பூராவும் அடுப்பு எரிவது அந்தச் சில வாரங்களில் வரும் சீருடைத் தையலால்தான். வெட்டுவதும் தைப்பதும் நான். காஜா எடுப்பது, பித்தான் வைப்பது, வருகிறவர்களிடம் பேசுவது என் மனைவி. அளவு கொடுக்கப் பிள்ளைகளோடு வரும் தாய்மார்கள் டயர்க் கோட்டையைப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள், அடுத்த தெருத் தையல்காரனிடம் போனார்கள். இந்தப் பருவம் கை நழுவினால் கடையை ஏறக்கட்ட வேண்டியதுதான்.

"ஏங்க, ஒரு கடப்பாரையை எடுத்துக் குடுங்க. நெம்பி உருட்டி விட்டுட்டு வந்துடறேன்" என்றாள் என் மனைவி.

"சும்மா இரு. எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு" என்றேன். அலுவலகம் என்று எழுதிய பலகையைப் பார்த்தாலே செருப்பை வெளியே விடுகிற ஆள் நான். என்னைப் போன்றவர்களை நம்பித்தான் அலுவலகங்கள் நடக்கின்றன.

புகார் அலுவலகத்துக்குப் போனேன். 'பக்கத்துக் கடைக்காரர் எங்கள் வாசலில் டயர் அடுக்கி அடாவடி செய்கிறார்' என்று எழுதிக் கொடுத்தேன். எழுத்தர் காது குடைந்துகொண்டே படித்தார்.

"அடாவடின்னா?"

"அடாவடின்னா... அடாவடிதான் சார்."

"அது எனக்குத் தெரியும்யா. எங்க மாமனாரே அப்படித்தான். ஆபீசுக்குத் தெரியுமான்னு கேக்கறேன்." தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினார். "இல்லை. வாரியம் இன்னும் இதுக்கு அர்த்தம் நிர்ணயம் பண்ணலை. நிர்ணயம் ஆகாத வார்த்தைக்கு நடவடிக்கை எடுத்தா, நாங்க எதுக்கு எடுக்கறோம்னு எங்களுக்கே தெரியாமப் போயிடும்."

"வேற வார்த்தை போட்டுத் தரட்டுமா சார்?"

"தாராளமா. 'அசௌகரியம்' இருக்கு. வருத்தம் தெரிவிச்சு ஒரு அட்டை அனுப்புவோம். 'அன்பு' இருக்கு. பக்கத்துக் கடைக்காரர் டயர் அடுக்கி அன்பு செய்கிறார்னு குடுங்க, இப்பவே முத்திரை குத்தறேன்."

"அன்புக்கு என்ன சார் நடவடிக்கை?"

"பாராட்டு விழா."

டயர்க்காரருக்கு மாலை போட எனக்கு மனம் வரவில்லை. சொற்பொருள் நிர்ணய வாரியத்துக்கு வழி கேட்டுக்கொண்டு போனேன்.

வாரியம் பெரிய கட்டடம். ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன, வெளியே மக்கள் பேசுவது காதில் விழுந்தால் ஆராய்ச்சி கெடும் என்று காவலாளி விளக்கினார். கூடத்தில் முன்னாள் இயக்குநர்களின் படங்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொருவர் காலடியிலும் அவர் நிர்ணயித்த சொல் எழுதியிருந்தது. ஒருவர் தம் பணிக்காலம் முழுவதையும் 'அசடு' என்ற சொல்லுக்கே கொடுத்திருந்தார். முகத்தைப் பார்த்தால் உழைப்பு தெரிந்தது.

இப்போதைய இயக்குநர் என்னை உட்காரச் சொல்லவில்லை. ஆனால் நன்றாகப் பேசினார்.

"மக்கள் இருக்காங்களே, அவங்களுக்கு வார்த்தையைக் கையாளத் தெரியாது. மழை ஓயலைன்னா அடாவடியா பெய்யுதுங்கறான் ஒருத்தன். புள்ளை சாப்பிட மாட்டேங்குதுன்னா அடாவடி பண்ணுதுங்கறா ஒருத்தி. கேக்காம நிலத்தை எடுத்தா அடாவடி, கேள்வி கேட்டவனைத் தூக்கி உள்ள வெச்சா அடாவடி! ஆளாளுக்கு இப்படி அர்த்தம் வெச்சிருந்தா, பொறுப்புல இருக்கறவங்க எதைத்தான் செய்யறது? அதனாலதான் மக்களோட வார்த்தையை நாங்க மக்கள்கிட்டேருந்து காப்பாத்தி வெச்சிருக்கோம்."

"ரொம்ப சந்தோஷம் சார். என் வாசல்..."

"வர்றேன். எங்க வாரியம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. வார்த்தை எங்க நடக்குதோ அங்கயே போய் உக்காந்து பாப்போம். நாளைக்கே ஆய்வாளர்கள் வருவாங்க. அதுவரைக்கும் ஒரு டயரும் அசையக் கூடாது. நிகழ்வு கலைஞ்சா வார்த்தையும் கலைஞ்சு போயிடும்."

நான் கும்பிட்டுவிட்டு வந்தேன். என் மனைவியிடம் சொன்னபோது, அவள் கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"டயரை எடுக்கச் சொல்லப் போன ஆளு, டயரை எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள்.

மறுநாள் ஆய்வாளர்கள் இருவர் வந்தார்கள். ஒருவர் தலைமை ஆய்வாளர், மற்றவர் அவருக்குக் குடை பிடிப்பவர், அவரும் ஆய்வாளர்தான். டயர்களைச் சுற்றிக் கயிறு கட்டி, 'சொல் மாதிரி. தொடாதீர்' என்று ஓர் அட்டையைத் தொங்கவிட்டார்கள். வெளியே வெயில் என்பதால் டயரைத் தாண்டிக் கடைக்குள் வந்து, நான் துணி வெட்டும் மேசைமேல் உட்கார்ந்துகொண்டார்கள். நான் தரையில் விரித்து வெட்டினேன்.

"நாங்க இருக்கறதே உங்களுக்குத் தெரியக் கூடாது. இயல்பா இருங்க. காப்பி கிடைக்குமா?" என்றார் தலைமை ஆய்வாளர்.

துணிந்து தாண்டி வந்த சிலரையும் அவர்கள் விடவில்லை. ஒரு டீச்சர் தன் மகனைத் தூக்கி உள்ளே விட்டுவிட்டுத் தானும் தாண்டும்போது டயரில் நீட்டிக்கொண்டிருந்த கம்பி மாட்டிப் புடவை முழங்கால்வரை கிழிந்தது. டயர்க்காரரின் ஏழு தலைமுறையையும் அழைத்து அவர் பேசத் தொடங்கினார். தலைமை ஆய்வாளர் குறுக்கே போய், "மேடம், இதுல நமக்கு வேண்டிய வார்த்தை ஒண்ணுகூட வரலையே. 'அடாவடி'ன்னு ஒருமுறை சொல்லிட்டு மத்ததைச் சொல்றீங்களா?" என்றார். டீச்சர் மகனைத் தூக்கிக்கொண்டு போனவர்தான், அப்புறம் வரவே இல்லை.

சில நாள் இப்படி உட்கார்ந்து பார்த்த பிறகு தலைமை ஆய்வாளர் தம் அதிருப்தியைத் தெரிவித்தார். வெளியே போய் டயர்க்காரரை எழுப்பினார்.

"தப்பா நினைக்காதீங்க. நீங்க செய்யறது கொஞ்சம் அலட்சியம் மாதிரி தெரியுது. அடாவடிக்கு இன்னும் கொஞ்சம் உயரம் வேணும்."

டயர்க்காரர் முதலில் பயந்துதான் போனார். அதிகாரி என்றால் டயரை எடுக்கச் சொல்லத்தான் வந்திருப்பார் என்று அவரும் என்னைப் போலவே நினைத்திருந்தார், பாவம். விஷயம் புரிந்ததும் அவர் முகத்தில் வந்த தெளிவை நான் மறக்க மாட்டேன். சாயங்காலத்துக்குள் ஒரு டிராக்டர் டயரைக் கொண்டுவந்து மேலே ஏற்றினார். எங்கள் கடைக்கு இருந்த வெளிச்சமும் போயிற்று. பகலிலேயே விளக்கைப் போட்டுத் தைத்தோம்.

வாரியம் அவருக்கு 'பயன்பாட்டு வல்லுநர்' என்று பட்டம் கொடுத்தது. கழுத்தில் அட்டை தொங்கியது. அவர் வாய் திறந்தால் குடை பிடிப்பவர் எழுதிக்கொண்டார். முன்பு கட்டிலில் படுத்தபடி என்னைத் திட்டியவர், இப்போது எழுந்து உட்கார்ந்து முறையாகத் திட்டினார். திட்டி முடித்ததும், "சரியா வந்துச்சாங்க?" என்று தலைமை ஆய்வாளரைக் கேட்டார்.

"நல்லா இருக்கு. ஆனா 'போடா'வுல இன்னும் நம்பிக்கை வேணும்."

என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. வார்த்தையைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். அது இப்போது அவர் சொத்தாகிவிட்டது.

கடைசியில் விசாரணைக்கு எங்கள் மூவரையும் வாரியக் கூடத்துக்கு அழைத்தார்கள். நீள மேசை. உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள், பாதிப் பேர் விழித்திருந்தார்கள். நடுவில் மாதிரிக்கு ஒரு டயர் வைத்து, டயர்க்காரரைச் செய்து காட்டச் சொன்னார்கள். அத்தனை பெரிய மனிதர்களைப் பார்த்ததும் அவருக்கு உடம்பு கூனிப்போனது.

"ஐயா, இப்படி மெதுவாத்தாங்க எடுப்பேன். மெதுவாத்தாங்க வைப்பேன். யாராச்சும் கேட்டா ரெண்டு நாள்ல எடுத்துடறேன்னு பதில் சொல்லிடுவேங்க."

உறுப்பினர்கள் தலையசைத்தார்கள். "பண்பான மனுஷன்" என்றார் ஒருவர். "ஐயான்னு கூப்பிடறாரே" என்றார் இன்னொருவர்.

பிறகு என் முறை. வாசலை மறித்தபோது எனக்கு என்ன ஆயிற்று என்று நடித்துக் காட்டச் சொன்னார்கள். நான் நின்றேன். கையைப் பிசைந்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

"அழுங்களேன்" என்றார் இயக்குநர்.

"வரலை சார்."

"கோபம்?"

"வீட்டுல வரும் சார். இங்க வரலை."

இயக்குநர் முடிவை அறிவித்தார். "பாதிக்கப்பட்டவர் போதிய அளவு பாதிக்கப்படலை. செய்தவரோ மரியாதையாப் பேசறார். ஆகவே இங்க அடாவடி இருக்குன்னு அவசரப்பட்டுச் சொல்ல முடியாது. ஆய்வு தொடரும். டயர்கள் தொடரும்."

வெளியே வந்ததும் என் மனைவி, "இவங்களுக்கெல்லாம் தாய் தகப்பன் கஷ்டப்பட்டுப் படிக்க வெச்சிருக்காங்க பாருங்க" என்று மட்டும் சொன்னாள். அவ்வளவு வெறுப்பு அவள் குரலில் இருந்து நான் கேட்டதில்லை.

கடைக்கு வந்து சேர்ந்தபோது ஒரு தாய் தன் இரண்டு பெண்களோடு வெளியே நின்றுகொண்டிருந்தாள். எங்களிடம் வழக்கமாகத் தைப்பவள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. துணியைத் திருப்பிக் குடுத்துடுங்க. சின்னவளால இதைத் தாண்ட முடியலை. இந்த வருஷம் அந்தத் தெருவுலயே குடுத்துக்கறோம்."

என் மனைவி டயர்மேல் ஏறி உள்ளே போனாள். துணியை எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். பெரிய கத்தரிக்கோலோடு வந்தாள். துணியைத் தவிர வேறெதையும் அதால் வெட்டினால் எனக்குக் கோபம் வரும். அவள் கயிற்றை வெட்டினாள். அட்டையைச் சுருட்டி எறிந்தாள். டிராக்டர் டயரில் தோளைக் கொடுத்து ஒரே தள்ளு. அது தெருவில் விழுந்து, துள்ளி, நேரே பக்கத்துக் கடைக்குள் உருண்டு போய்க் கட்டில் காலில் முட்டி நின்றது.

"அக்கா! அக்கா! இது என்ன அடாவடி அக்கா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார் டயர்க்காரர்.

தலைமை ஆய்வாளர் மேசையிலிருந்து குதித்தார். அவர் அப்படி வேகமாக நகர்ந்து நான் பார்த்ததே இல்லை. "வந்துருச்சு! எழுதுய்யா! நிறுத்தாதீங்கம்மா, அப்படியே தொடருங்க! இப்ப உங்க மனநிலை என்ன?"

"தள்ளி நில்லுங்க. கால்ல விழுந்தா நான் பொறுப்பில்லை" என்றாள் அவள். கடைசி டயர்வரை உருட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, "வாம்மா, சின்னவளை உள்ள கூட்டிட்டு வா. அளவு எடுத்துடலாம்" என்றாள்.

நான் ஓரமாக நின்றேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் கடை வாசல் அவ்வளவு அகலம் என்பதை மறந்தே போயிருந்தேன்.

ஆண்டுக்கணக்கில் உறங்கும் வாரியம் அந்த வாரமே நிர்ணயத்தை வெளியிட்டது. 'அடாவடி: பிறர் ஒழுங்காக அடுக்கிவைத்த பொருளை, தனக்கு வழி வேண்டும் என்று காரணம் சொல்லி, பலர் பார்க்கக் கலைக்கும் வன்செயல். வழக்கு: தையல்காரர் மனைவி அடாவடியாகத் தன் கடைக்குள் நுழைந்தாள்.'

நான் இயக்குநரிடம் ஓடினேன். "சார், அவர் முதல்ல அடுக்கினாரே, அது?"

"அது சேமிப்பு. நல்ல பழக்கம்."

"எங்க வாசல்ல சார்!"

"பாருங்க, அவர் செஞ்சதை நாங்க நாள்கணக்கா பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டிருந்தோம். அது அடாவடியா இருந்திருந்தா எங்களால சும்மா உக்காந்திருக்க முடியுமா?"

எனக்கு அலுவலகங்களின்மேல் இருந்த பக்தி அந்த அறையில்தான் போயிற்று. வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, இத்தனை காலம் இதை எதற்காகக் கழற்றினோம் என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

டயர்க்காரர் புகார் கொடுத்தார். எழுத்தர் புத்தகத்தைப் புரட்ட, வார்த்தை அச்சில் இருந்தது. முத்திரை விழுந்தது. எங்கள் கடையை மூட உத்தரவாயிற்று.

இயக்குநரே வந்தார். அவர் நிர்ணயித்த சொல்லின்படி எடுக்கும் முதல் நடவடிக்கை. பார்க்க ஆசை இருக்காதா? எழுத்தர் ஒரு பெரிய பூட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆய்வாளர்கள் இருவரும் வந்தார்கள், குடையோடு. கடைக்குள் பிள்ளைகளும் தாய்மார்களும் நிறைந்திருந்தார்கள். நான் மெஷினை நிறுத்தினேன். என் மனைவி காஜா எடுத்துக்கொண்டே தலையைத் தூக்கினாள்.

"எல்லாரும் வெளிய வாங்க. கடையைப் பூட்டணும்" என்றார் எழுத்தர்.

"பூட்டுங்க" என்றாள் அவள். "உள்ள நாங்க உக்காந்து பொழப்பைப் பாத்துக்கிட்டிருக்கோம். எங்களை ஒரு வார்த்தை கேக்காம, புள்ளைங்களை வெளிய துரத்திட்டு, எங்க கதவுல உங்க பூட்டைப் போடப் போறீங்க. இதுக்கு என்னங்க பேரு?"

"நடவடிக்கை" என்றார் எழுத்தர்.

"அதுக்கு வாரியம் அர்த்தம் சொல்லிடுச்சா?"

எழுத்தர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அக்குளிலிருந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். மறுபடி புரட்டினார். சிரிப்பு நின்றது. "சார், இல்லை சார்" என்றார் மெதுவாக.

"இல்லாம எப்படி? வேற பேர்ல பாரு. 'ஆணை'?"

"இல்லை சார்."

"'அதிகாரம்'?"

"வரைவுல இருக்கு சார். உறுப்பினர்களுக்குள்ள தகராறு."

இயக்குநர் வியர்வையைத் துடைத்தார். நான் அவரையே பார்த்தேன். பூட்டைப் போட்டுவிட்டுப் போவது அவருக்கு எத்தனை எளிது! நாங்கள் என்ன செய்துவிட முடியும்? ஆனால் குடை பிடிப்பவர் ஏற்கெனவே எழுதத் தொடங்கியிருந்தார். வாரியத்தின் ஆள் எழுதிவிட்டால் அது நிகழ்வு. நிகழ்வுக்குப் பெயர் வேண்டும்.

"உங்களுக்கு அவசரம்னா," என் மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள், "கைவசம் ஒரு வார்த்தை புதுசா போட்டு வெச்சிருக்கீங்களே, அது இதுக்குப் பொருந்துமான்னு பாருங்களேன்."

ஒரு தாய் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அளவு கொடுக்கக் கையை விரித்து நின்ற சிறுமி ஏன் என்று தெரியாமலே சிரித்தாள்.

"இது ஆலோசிக்க வேண்டிய விஷயம்" என்றார் இயக்குநர். துணைக்குழு போட வேண்டும் என்றார். துணைக்குழு என்ற சொல்லைப் பார்க்கும்படி எழுத்தரிடம் சொல்ல வாயெடுத்தவர், என்ன நினைத்தாரோ, வாயை மூடிக்கொண்டார். எல்லோரும் போனார்கள். பூட்டு கனம் என்று எழுத்தர் வழியெல்லாம் முனகிக்கொண்டே போனது கேட்டது. டயர்க்காரர் கழுத்து அட்டையைத் தடவிக்கொண்டு நெடுநேரம் தெருவில் நின்றார். அப்புறம் தம் டயர்களைத் தம் கடைக்குள் அடுக்கப் போனார். கட்டிலை மடக்க வேண்டியிருந்தது.

சீருடைகளைத் தைத்து முடித்தோம். கொஞ்ச நாள் கழித்து இயக்குநர் ஒரு கால்சட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று தெருவை நோட்டம் விட்டபடி வந்தார். இடுப்பைத் தளர்த்த வேண்டுமாம். உட்கார்ந்து உட்கார்ந்து பெருத்துவிட்டதாம். நான் நாடாவைச் சுற்றி அளவெடுத்தேன். உட்காரச் சொல்லவில்லை.

"என்ன சார், எங்க கடையைப் பூட்டறதுக்கு வார்த்தை கிடைச்சுதா?" என்று கேட்டாள் என் மனைவி.

"ஆலோசனையில இருக்கும்மா. சிக்கலான விஷயம். என் காலத்துல முடியுமோ என்னவோ."

"நல்லா நிதானமாப் பாருங்க" என்றாள் அவள், பித்தானைத் தேடிக்கொண்டே. "எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லை."